பாஸ்புக்கில் பதினோரு மாதம்

தங்கை மகன் இந்த வருடம் டிப்ளமோ முடிக்கிறான். "பெரியம்மா, உங்க பக்கம் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா, இல்ல வீட்டுக்கு அனுப்புறாங்களா?" என்று போனில் கேட்டான். இரண்டும் ஒரே கேட்டில்தான் நடக்கிறது என்றேன். அவனுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல உட்கார்ந்தேன், இவ்வளவு நீளமாகிவிட்டது.

எஸ்.பி.கோயிலில், அதாவது சிங்கப்பெருமாள் கோயிலில், நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று போர்டு இருந்தாலும் வருமானம் பி.எஃப். கிளெய்மில்தான், அதாவது பி.எஃப். பணம் எடுக்க விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதில். பி.காம். முடித்துவிட்டு ஒரு லேபர் கான்ட்ராக்டர் ஆபீஸில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான், அந்த அனுபவம்தான் இந்தக் கடைக்கு முதல். கடையிலிருந்து வடக்கே போனால் மறைமலை நகர், தெற்கே பரனூர் மஹிந்திரா சிட்டி, ரயில்வே கேட் பக்கம் மேற்கே திரும்பினால் ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. காகிதப்படி நாங்கள் அன்றுதான் பெருநகரத்துக்காரர்கள் ஆனோம். கம்பெனி பஸ்கள் எங்களை அதற்குப் பல வருடம் முன்பே சேர்த்துக்கொண்டுவிட்டன.

வேலைச் சந்தை பற்றி டிவியில் பேசுகிறவர்கள் முதலீட்டுத் தொகையைச் சொல்வார்கள், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று சொல்வார்கள். எனக்குத் தெரிவது பி.எஃப். பாஸ்புக். 2014இல் யு.ஏ.என்., அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண், வந்த பிறகு, ஒருவர் எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார் என்பதெல்லாம் சர்வீஸ் ஹிஸ்டரி என்ற ஒரே பக்கத்தில் வரிசையாக வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் ஆளின் வயதைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம். நாற்பத்தைந்து தாண்டியவர் என்றால் இரண்டு வரி. இருபத்தாறு வயது என்றால் ஏழு வரி, அதில் ஐந்து வரி கான்ட்ராக்டர் பெயர்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் ஆலை மூடியபோது கடைக்கு வந்த கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2005இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் உற்பத்தி. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வீட்டில் மூத்த பெண் நோக்கியாவில் இருக்கிறாள் என்றால் அடுத்த தங்கைக்குக் கல்லூரி நிச்சயம் என்று ஊரில் கணக்குப் போட்டார்கள். 2013இல் வருமான வரித் துறை அந்த ஆலையின் சொத்துகளை முடக்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டபோது, வழக்கு இருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே நின்றது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். 5,000க்கும் மேற்பட்டோர் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கினார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி முழுதாக நின்றது. அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது.

அப்போது பேப்பர் ஃபார்ம்தான். ஃபார்ம் 19 என்றால் பி.எஃப். முழுத்தொகை, ஃபார்ம் 10சி என்றால் பென்ஷன் பணம். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கேன்சல் செய்த செக் லீஃப் வைத்து அனுப்ப வேண்டும். நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. பத்து வருட சர்வீஸ் முடித்தால்தான் பி.எஃப். பென்ஷன். ஆலை ஓடியதே எட்டு வருடம், பத்து மாதம். ஆக, அந்த ஆலையில் முதல் நாள் சேர்ந்து கடைசி நாள்வரை இருந்த பெண்ணுக்குக்கூட அந்தச் சர்வீஸை மட்டும் வைத்துப் பென்ஷன் கிடையாது. எல்லோருக்கும் 10சிதான், கையில் கொஞ்சம் ரொக்கம். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வயதில் யாருக்குப் பென்ஷன் ஞாபகம் வரும்? நகைக்கடனைத் திருப்ப வேண்டும், கல்யாணச் செலவு இருக்கிறது, எத்தனை நாளில் வரும் அக்கா என்றுதான் கேட்டார்கள்.

ஃபோர்டு கதை வேறு மாதிரி. இங்கே ஃபோர்டு கார் ஆலை என்பது பக்கத்து வீடு. கம்பெனியின் தபால் முகவரியே எஸ்.பி.கோயில் போஸ்ட்தான். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி அறிவித்தார்கள். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், அதனால் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்றார்கள். குஜராத்தில் சாணந்த், இங்கே மறைமலை நகர் இரண்டிலும் சேர்த்து சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. இங்கே 2022 ஜூலையில் கடைசி கார், ஒரு ஈகோஸ்போர்ட், வெளியே வந்தது. அதற்குள் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, நஷ்டஈட்டுத் தொகைக்காக இழுபறி எல்லாம் ஆகியிருந்தது. குஜராத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. சாணந்த் கார் ஆலையை 725.7 கோடிக்கு டாடா வாங்கி, ஆலையோடு ஆட்களையும் எடுத்துக்கொண்டது. மறைமலை நகருக்கு அப்படி யாரும் வரவில்லை. இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. சோழிங்கநல்லூரில் ஃபோர்டின் ஐ.டி., கணக்கு வேலைகளைச் செய்யும் மையம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது, இப்போது சுமார் 12,000 பேர் இருக்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெருநகரம். கீபோர்டில் கை வைத்தவர்கள் இருந்தார்கள், ஸ்பேனர் பிடித்தவர்கள் போனார்கள்.

ஃபோர்டு ஆட்கள் பி.எஃப்.புக்காக என்னிடம் அதிகம் வரவில்லை. செட்டில்மென்ட் கணக்கை யூனியனும் ஹெச்.ஆரும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வந்தது ரெஸ்யூம் அடிக்க. இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு ரெஸ்யூம் எதற்கு? ஐ.டி.ஐ. முடித்ததும் நேராக உள்ளே போனவர்கள். "என்ன வேலை பார்த்தீங்க அண்ணா?" என்று கேட்டால் "பாடி ஷாப்" என்பார். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, எழுதணும்." "ரோபோ வெல்டிங் லைன். கன் டிப் மாத்துறது, ஸ்பாட் சரியா விழுந்திருக்கான்னு உளி வெச்சுப் பிரிச்சுப் பார்க்கறது, லைன் நின்னா எதனாலன்னு கண்டுபிடிக்கிறது." அப்புறம் சற்று நிறுத்தி, "இதெல்லாம் எழுதணுமா?" ஒரு பக்கம் நிறைய எழுதலாம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். அந்த ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு ஒரகடம் போனால், அதே வேலைக்குக் கான்ட்ராக்டில் பாதிச் சம்பளம் சொன்னார்களாம். வயதையும் கேட்டார்களாம்.

எனக்குத் தெரிந்த ஃபோர்டு குடும்பங்களில் ஒருவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒருவர் மதுராந்தகம் பக்கம் நிலம் வாங்கி மாடு வைத்திருக்கிறார். இரண்டு பேர் வேறு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். செட்டில்மென்ட் பணத்தைச் சீக்கிரம் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்து இழந்தவரும் உண்டு, அதை இங்கே விரித்து எழுத மனமில்லை. பொதுவாக அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. செட்டில்மென்ட் என்று ஒன்று இருந்தது, யூனியன் இருந்தது, இருபது வருட பி.எஃப். இருந்தது. ஃபோர்டுக்கு டாஷ்போர்டு, சீட், ஒயரிங் செய்து கொடுத்த சின்ன வெண்டர் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்களைப் பற்றிச் செய்தியும் வரவில்லை. அவர்கள் என் கடைக்குக் கடைசி கார் வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே வந்துவிட்டார்கள், ஆர்டர் குறைந்ததும் முதலில் நிறுத்தப்பட்டது அவர்கள்தான். கையில் செட்டில்மென்ட் பேப்பர் இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு போன்.

சரி, இப்போது நடப்பதற்கு வருகிறேன். நோக்கியா போனபின் ஸ்ரீபெரும்புதூர் காலியாகிவிடும் என்று பேசினார்கள், ஆகவில்லை. அந்தக் கட்டடத்தையே சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஃபாக்ஸ்கான் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிறது. மஹிந்திரா சிட்டியில் ஐபோன் செய்யும் இன்னொரு கம்பெனியான பெகாட்ரான் வந்தது, 2025 ஜனவரியில் அதன் பெரும்பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போய், ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூர் ஹைவேயை மறித்து உட்கார்ந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் தங்குமிடம் பெரிய பேச்சானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். ஒரு சின்ன டவுனையே அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. தலையை எண்ணினால் நோக்கியா காலத்தைவிட இன்று ஆள் அதிகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பாஸ்புக்கைத் திறந்தால் பதினோரு மாதம். அடுத்த வரி ஏழு மாதம். அடுத்தது மறுபடி பதினோரு மாதம், வேறு கான்ட்ராக்டர், கம்பெனி பஸ் மட்டும் அதே பஸ். ஏன் பதினோரு மாதம் என்று யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1981ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நான் வேலை பார்த்த கான்ட்ராக்டர் ஆபீஸில் அந்த 480 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். எக்செல் ஷீட்டில் அந்த நாள் கணக்குக்குத் தனியாக ஒரு கட்ட வரிசையே உண்டு, 300 தாண்டினால் மஞ்சள் நிறம் விழும். வேலைக்கு வருகிற பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்த எண் தெரியாது. இப்போது கடைக்கு வருபவர்களிடம் முதல் வேலையாக அதைத்தான் சொல்கிறேன். சட்டம் தெரிந்தால் நிரந்தரம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. மஞ்சள் நிறம் விழுவதற்குள் அடுத்த வேலையையாவது தேடி வைக்கலாம் அல்லவா?

2025 நவம்பர் 21ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது நல்ல செய்தி ஒன்றைச் சொன்னார்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இனி ஐந்து வருடம் வேண்டாம், ஒரு வருடம் முடித்தாலே கிராச்சுட்டி, அதாவது பணிக்கொடை. படித்ததும் எனக்கு வந்த முதல் யோசனை அந்த எக்செல் ஷீட்தான். ஒரு வருடம் முடிந்தால் தானே? அதே தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. முன்பு 100 பேர் இருந்தாலே ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ அரசு அனுமதி தேவை, இனி 300 பேர் இருந்தால்தான். ஒரகடத்தைச் சுற்றி இருக்கும் வெண்டர் கம்பெனிகளில் பல இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் வரும்.

பி.எஃப்.பிலேயே வராத ஒரு கூட்டமும் இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சிக்கு என்று எடுத்த பிள்ளைகள். அவர்களுக்கு ஸ்டைபண்ட் உண்டு, பி.எஃப். கிடையாது. சட்டப்படி அவர்கள் 'ஊழியர்' இல்லை. அதே லைனில், அதே ஷிஃப்டில், அதே யூனிஃபார்மில் நிற்பார்கள், பாக்கெட் மேல் இருக்கும் பட்டையின் நிறம் மட்டும் வேறு. ஒரு வருடம் முடித்துவிட்டுச் சர்ட்டிஃபிகேட்டை லேமினேஷன் செய்ய வருவார்கள். மூடுவிழா நடந்தால் இவர்கள் எந்தக் கணக்கிலும் வேலை இழந்தவர்கள் இல்லை. இன்னொரு பக்கம், மாதாமாதம் வருகிற பி.எஃப். புள்ளிவிவரத்தைப் பாருங்கள். ஒரு கம்பெனியை விட்டு நின்று வேறிடத்தில் மறுபடி சேர்ந்தவர்கள் என்று ஒரு வரி இருக்கும். நாடு முழுவதும் மாதத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். அதைத் திறமை தேடி நகரும் இளைஞர்கள் என்று டிவியில் ஒருவர் பெருமையாக விளக்கினார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நகரவில்லை, நகர்த்தப்பட்டார்கள்.

ஐ.டி. ஆட்கள் என்னிடம் வருவது குறைவு, அவர்கள் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடுவார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்த பிறகு சிறுசேரி, மஹிந்திரா சிட்டி பக்கமெல்லாம் அதே பேச்சு. அந்த வாரங்களில் பிரின்ட் எடுக்க ஒருவர் வந்தார், நாற்பதைத் தாண்டியவர், வேறு ஒரு கம்பெனி. "ராஜினாமா கடிதம் தானாக எழுதினால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியாகத் தருவோம்" என்று சொன்னார்களாம். "எழுதிட்டீங்களா சார்?" என்றேன். பிரின்ட் எடுக்க வந்ததே அந்தக் கடிதம்தான். ராஜினாமா என்று எழுதிவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஃபோர்டு ஆட்கள் மாதக்கணக்கில் பேரம் பேசி வாங்கியதற்கு அங்கே இடமே இல்லை. ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

பணம் எடுக்கும் விதியும் மாறுகிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, வேலை போனால் 75 சதவீதம் உடனே எடுக்கலாம், மீதிக்கு முன்போல இரண்டு மாதம் அல்ல, பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் பணத்துக்கு 36 மாதம். கடையில் இதற்குத் திட்டு விழாத நாள் இல்லை. எனக்கு இதில் இரண்டு மனம். பிள்ளைகள் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துச் சர்வீஸைத் துடைத்துவிடுகிறார்கள், அடுத்த வேலையில் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். டிரான்ஸ்ஃபர் செய் பாப்பா, துண்டு துண்டாகச் சேர்ந்தே ஒரு நாள் பத்து வருடம் வந்துவிடும், அம்பத்தெட்டு வயதில் பென்ஷன் வரும் என்று சொல்லிப் பார்க்கிறேன். "அம்பத்தெட்டு வயசுல யாரு அக்கா இருக்கப் போறா" என்று சிரிப்பார்கள். ஆகவே பூட்டு போட்டது சரிதான். ஆனால் விடுதியைக் காலி செய் என்று சொல்லிவிட்ட பெண்ணுக்கு அந்த 10சி பணம்தான் ஊருக்குப் போய் அடுத்த வேலை தேடும்வரை சாப்பாடு. அவளுக்கு 36 மாதம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு திரும்ப வருகிறது என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. 3,250 கோடி முதலீடு, மறைமலை நகரில் புதிய எஞ்சின், வருடத்துக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி 2029இல். வேலை 600க்கு மேல். பாடி ஷாப் அண்ணன் எனக்கும் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கைகூப்பு. மறுநாள் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்து, பழைய ரெஸ்யூம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. 2029இல் அவருக்கு ஐம்பத்தொன்று ஆகியிருக்கும். "பிறந்த தேதியை விட்டுட்டு அடிச்சுக் கொடும்மா" என்றார், அடித்துக் கொடுத்தேன்.

தங்கை மகனைப் போல இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு, கடைக்கு வராமலேயே தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சேரும்போதே ஆதாரில் இருப்பதுபோலப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறிப்போய்த் திரும்பி வந்த கிளெய்ம்கள்தான் எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி. ஆதாரில் இணைத்த சிம்மை ரீசார்ஜ் ஆஃபருக்காக மாற்றாதீர்கள், ஓ.டி.பி. வராது. நின்றபிறகு கான்ட்ராக்டர் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசித் தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். போர்டலில் போடலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்தவர்களுக்கு அடல் பீமித் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள்வரை, ஆயுளில் ஒரு தடவை. வி.ஆர்.எஸ். வாங்கியவர்களுக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் கிடையாது. அவ்வப்போது கால நீட்டிப்பில் ஓடும் திட்டம் என்பதால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். பாஸ்புக் பிரின்ட்டும் ஆதார் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள்.